பந்து வராத உயரம்

பிப்ரவரி 4, செவ்வாய்

படூரில் ஏறும் கம்பெனிப் பையன் ஒருவன் இன்று "அங்கிள், கொஞ்சம் சீக்கிரம்" என்றான். அங்கிளாகவும் இருந்து சீக்கிரமாகவும் போக என்னால் ஆகாது. இரண்டில் ஒன்றைக் கேட்டிருக்கலாம்.

சாயங்காலம் கிரவுண்டில் வாலிபால். தர்மராஜ் பந்தை ஏற்றிக் கொடுப்பான், நான் நெட்டுக்கு மேலே எழும்பி அடிப்பேன். திருப்போரூர் ஸ்கூலில் ஆரம்பித்த கூட்டணி இது. அவன் இப்போது மனை விற்கிறான், நான் ஸ்டாஃப் பஸ் ஓட்டுகிறேன், ஆனால் ஊர் டீமில் இன்றும் அவன் கேப்டன், நான் அடிக்கிறவன். அடித்துக்கொண்டிருந்தவன் என்று எழுத வேண்டுமோ?

அவனுடைய அக்கா மகன் பிரபா இப்போது டீமில் இருக்கிறான். காலேஜ் பையன், கால் ரெண்டும் ஸ்பிரிங். அவனுக்குத் தர்மராஜ் பந்தை எங்கே போடுகிறான் தெரியுமா? தென்னை மரத்து உச்சியில். எனக்கு? நெட்டுக்கு மேலே ஒரு சாண், அதோடு சரி. எழும்பி அடிக்கவே இடமில்லை, தட்டி அனுப்பத்தான் முடிகிறது. சுற்றி நின்ற பையன்கள் "அண்ணாத்த, சூப்பர் பிளேஸிங்" என்கிறார்கள். நோயாளிக்கு ஆறுதல் சொல்வது போல.

முடிந்ததும் தர்மராஜ் தோளில் கை போட்டான். "மே மாசம் மகாபலிபுரத்துல மேட்சு கீது மச்சான். எடது பக்கம் அடிக்கறது நீயா பிரபாவான்னு அதோட முடிவு பண்ணிக்கலாம்."

முடிவு அவன் எப்போதோ பண்ணிவிட்டான். பந்தைப் பார்த்தாலே தெரிகிறதே.

பிப்ரவரி 6, வியாழன்

விரலில் சுண்ணாம்புத் தூளைத் தொட்டுக்கொண்டு காம்பவுண்டு சுவரோரம் நின்று கையை உயர்த்தி ஒரு தடம் வைத்தேன். பிறகு குதித்து ஒரு தடம். இரண்டுக்கும் நடுவில் ஒரு பல்லி தாராளமாகப் படுக்கலாம். இரண்டு பல்லிக்கு இடம் பற்றாது.

என் மனைவி தமிழ்ச்செல்வி துணி காயப்போட வந்தாள். "இன்னாய்யா பண்ற?"

"குதிச்சேன்."

"எப்போ?"

பிப்ரவரி 10, திங்கள்

ஜிம்மில் சேர்ந்துவிட்டேன். கேளம்பாக்கம் ரோட்டில் மாவு மில்லுக்குப் பக்கத்தில் இருக்கிறது. நடத்துவது ரெஜினா என்ற பெண். யுனிவர்சிட்டிக்காக எடை தூக்கியவளாம், சுவரெல்லாம் மெடல்.

"ஒடம்பு ஏறணுமா அண்ணா, இல்ல நீங்க மேல ஏறணுமா?" என்று கேட்டாள். மேலே என்றேன். வயிற்றைப் பார்த்தாள். உடனே கம்பிப் பக்கம் திரும்பிக்கொண்டாள். நல்ல வளர்ப்பு.

பவர் கிளீன் என்று ஒன்று. கம்பியைத் தரையிலிருந்து எடுத்து ஒரே வீச்சில் தோளுக்குக் கொண்டுவர வேண்டும். "தரைல இருந்து பொறுமையா எடுங்க. முட்டி தாண்டினதும் குதிக்கிற மாரி பட்டுனு நிமிருங்க. கம்பி அதுவா மேல வரும்" என்றாள்.

நாற்பத்திரண்டு வயது வரைக்கும் எனக்கு எதுவும் அதுவாக வந்ததில்லை. கம்பியும் வரவில்லை. நான்தான் குனிந்து அதனிடம் போனேன்.

தர்மராஜிடம் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன். சாயங்காலம் வராததற்கு எக்ஸ்ட்ரா டிரிப் என்று சொல்லிவிட்டேன்.

பிப்ரவரி 11, செவ்வாய்

கம்பியைப் பிடிக்கும்போது கட்டைவிரலை உள்ளே வைத்து மற்ற விரல்களால் பூட்டிப் பிடிக்கச் சொல்கிறாள். இன்று கியர் போடும்போதெல்லாம் "அம்மா" என்றேன். முன் சீட்டுப் பெண் எனக்கு பக்தி அதிகம் என்று நினைத்திருப்பாள்.

பிப்ரவரி 19, புதன்

இன்று கம்பியின் இரண்டு பக்கமும் பெரிய ரப்பர் தட்டு! லாரி ஸ்டெப்னி அளவு. டிவியில் வருகிறவர்கள் மாட்டுவதே அந்த அளவுதான். தூக்கினேன். தோளில் வாங்கினேன். கீழே போட்டதும் தரை அதிர்ந்தது, மாவு மில் ஆள் எட்டிப் பார்த்தான். நான் கண்டுகொள்ளாதவன் போல் துண்டால் முகம் துடைத்தேன்.

போட்டோ எடுத்துக்கொண்டு வந்து வீட்டில் காட்டினேன். "யப்பா! இம்மா பெருசா கீது!" என்றாள் தமிழ்ச்செல்வி. கல்யாணமான நாளிலிருந்து அந்தக் குரலில் அவள் என்னைப் பற்றி எதுவும் சொன்னதில்லை. ராத்திரிக்கு முட்டை இரண்டு கிடைத்தது.

பிப்ரவரி 20, வியாழன்

அந்தத் தட்டு புதிதாக வருகிறவர்களுக்கானதாம். எல்லாத் தட்டும் ஒரே வட்டம்தானாம், பருமன்தான் வேறாம். இருப்பதிலேயே லேசானது அதுதானாம். "ஆரம்பத்துல ஒரு தெம்பு வரணும்ல அண்ணா" என்கிறாள் ரெஜினா.

தமிழ்ச்செல்விக்கு இது தெரிய வேண்டாம். முட்டை நின்றுவிடும்.

மார்ச் 5, புதன்

"கையால இழுக்காதீங்க. கை கயிறு மாரி சும்மா தொங்கணும். காலும் இடுப்பும் வேலையை முடிச்ச பொறவுதான் கைக்கு வேலை." ஒரு மாதமாக ரெஜினா இதையே சொல்கிறாள். எனக்குப் பொறுமை இல்லை. கம்பி முட்டி தாண்டுவதற்குள் முழங்கை மடங்கிவிடுகிறது. சிக்னல் மாறுவதற்குள் ஹாரன் அடிக்கிற ஜாதி நான்.

மார்ச் 14, வெள்ளி

இன்று அவள் போன் பேச வெளியே போன சமயம் பார்த்துப் பக்கத்துக்கு ஒரு தட்டு கூடுதலாக மாட்டினேன். தூக்கவும் தூக்கினேன். கம்பி, காலை நேரத்தில் சோழிங்கநல்லூர் சிக்னலைத் தாண்டும் பஸ் மாதிரி, ஊர்ந்து வந்தது. திரும்பினால் வாசலில் ரெஜினா.

"தூக்கிட்டீங்க. ஆனா எதுக்கு? வேகம் போச்சுன்னா இதுல ஒண்ணுமே இல்லண்ணா. வேகம் கொறையாத அளவுக்குத்தான் எடை." தட்டைக் கழற்றிவிட்டாள். கழற்றிய பிறகு கம்பி பறந்தது. நிஜமாகவே அதுவாக மேலே வந்தது! தோளில் வந்து உட்கார்ந்தது கூட ஒரு நொடி கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது.

சந்தோஷமாக இருந்தது. அசட்டுத்தனமாகச் சிரித்துக்கொண்டே பஸ்ஸை எடுத்தேன்.

மார்ச் 30, ஞாயிறு

இரண்டு பல்லிக்கு இடம் வந்துவிட்டது. மூன்றாவது வாலை மடக்கிக்கொண்டால் அதற்கும் உண்டு.

ஒரு திட்டம். கிரவுண்டில் இதைக் காட்டப்போவதில்லை. பழைய கிழவனாகவே குதிப்பேன், முடிந்தால் இன்னும் கம்மியாக. மே மாதம் மேட்சில், ஊரே பார்க்க, ஒரே எழும்பு. தர்மராஜ் முகத்தை அப்போது பார்க்க வேண்டும்.

ஏப்ரல் 6, ஞாயிறு

கிரவுண்டில் முழங்கால் மூட்டைப் பிடித்துக்கொண்டு நன்றாக நடித்தேன். எக்கிக்கூடக் குதிக்கவில்லை. அந்தப் பாவி என்ன செய்தான்? பந்தை இன்னும் கீழே போட்டான்! நெட்டைத் தடவிக்கொண்டு வருகிறது. அடுத்த பந்து பிரபாவுக்கு, அது மேகத்தைத் தொட்டுவிட்டு வந்தது.

இத்தனை வருஷம். இவன் கல்யாணத்துக்கு நான்தான்டா வண்டி ஓட்டினேன். அக்கா புள்ளைக்கு எடம் வேணும்னா நேராக் கேட்டுத் தொலையேன்டா. கேட்டா குடுத்துட்டுப் போறேன். இல்ல, குடுக்க மாட்டேன். ஆனா கேளேன்.

ஏப்ரல் 14, திங்கள்

வருஷப் பிறப்பு. தர்மராஜ் வீட்டிலிருந்து வடை பாயசம் வந்தது. சாப்பிட்டேன். கோபம் வேறு, வடை வேறு.

மே 2, வெள்ளி

கழுத்தெலும்பில் கம்பி இடித்த கன்றல். "யாருய்யா இது?" என்றாள் தமிழ்ச்செல்வி. கம்பி என்றேன். "அது இன்னா, பேரா?" நெடுநேரம் சிரித்தோம்.

பிறகு அவளே கேட்டாள். "தர்மண்ணன்கிட்ட இன்னுமா சொல்லல? அவுரு நேத்து கடையில பாத்து, ஜெகதீசனுக்கு மூட்டு எப்டி கீது, எண்ணெய் எதனா தேய்க்கறானான்னு கேட்டாரு. எனக்குப் பாவமாப் பூடுச்சு."

நடிப்பவன் நான் மட்டும் இல்லை போல என்று நினைத்துக்கொண்டேன்.

மே 10, சனி

நாளை மேட்ச். சுவரோரம் முழு எழும்பு குதித்துப் பார்த்தேன். பல்லிகள் குடும்பத்தோடு வரலாம். இடது பக்கம் முதல் செட் எனக்கு, அடுத்ததில் யார் என்பதைத் தர்மராஜ் ஆட்டத்தைப் பார்த்துச் சொல்வானாம். பார்க்கட்டும், நன்றாகவே பார்க்கட்டும்.

மே 11, ஞாயிறு

எழுதக் கை வரவில்லை. எழுதாவிட்டால் தூக்கமும் வராது.

மகாபலிபுரம் பக்கத்துக் குப்பத்தில், கடலோரம் பந்தல் போட்டிருந்தார்கள். மைக்கில் ஒரு அண்ணாத்தை ஒவ்வொரு பந்துக்கும் கமெண்ட்ரி. படகின் மேலெல்லாம் ஜனம். தமிழ்ச்செல்வியும் வந்திருந்தாள், மோர் பாட்டிலோடு.

முதல் பந்து. தர்மராஜ் கைக்குப் போனது. நான் ஓடினேன், காலை ஊன்றினேன், ரெஜினா சொன்ன மாதிரி கையை மறந்து இடுப்பை விட்டேன். எழுந்தேன். அப்படி ஒரு எழும்பு என் பத்தொன்பது வயதிலும் இல்லை. நெட்டுக்கு அந்தப் பக்கம் நிற்பவன் நடுமண்டை தெரிந்தது. அதற்கும் அப்பால் கடல் தெரிந்தது. கையை ஓங்கினேன்.

பந்து இல்லை.

பந்து கீழே இருந்தது. என் நெஞ்சில் பட்டு, வயிற்றில் உருண்டு, நான் தரைக்கு வருவதற்குள் அது வந்து சேர்ந்து எனக்காகக் காத்திருந்தது.

மைக்கில்: "பந்து கீய கீது... அண்ணாத்த மேல போய் யாரத் தேடறாரு?"

இரண்டாவது பந்தும் அப்படியே. அது மூக்கில். மூன்றாவதில் குனிந்து அடிக்கப் பார்த்து நெட்டோடு கட்டிப் பிடித்துக்கொண்டேன். சிரிப்பில் படகுகள் குலுங்கின. தர்மராஜ் கையைக் காட்டினான், பிரபா உள்ளே வந்தான், நான் வெளியே. டீம் ஜெயித்தது. அதுவும் ஒரு குத்து.

முடிந்ததும் தர்மராஜ் என்னை ஐஸ் வண்டிக்குப் பின்னால் பிடித்தான்.

"இன்னாடா பண்ண? எதுக்குடா அவ்ளோ மேல போன?"

"நீ எதுக்குடா அவ்ளோ கீழ போட்ட? அக்கா புள்ளைய ஏத்தி வுடறதுக்கா?"

"லூசு! நீ குதிக்கிற ஒயரத்துக்குத்தானடா போடுவேன்! நாலஞ்சு வருசமா எறக்கி எறக்கிப் போட்டுகினு கீறேன்..."

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான். ஐஸ் வண்டிக்காரன் எங்களைப் பார்க்காத மாதிரி பார்த்தான்.

"நாலஞ்சு வருசமாவா?" என்றேன்.

"ஒயரப் போட்டா ஒனக்கு எட்டாது. எட்டாம கீழ வுழுவ. நாலு பேரு சிரிப்பான். போன மாசம் மூட்டு வேற போச்சுன்ன, அதான் இன்னும் எறக்கினேன். ஒம் பொண்டாட்டி இப்பதான் சொல்லுச்சு. ஜிம்முக்குப் போறேன்னு ஒரு வார்த்த நீ சொல்றதுக்கு இன்னாடா?"

"எறக்கறேன்னு நீ ஒரு வார்த்த சொன்னியா?"

"அத எப்பட்றா சொல்வாங்க?" என்றான். கண் கலங்கியிருந்தது. அடிக்க வருவான் என்று நினைத்தேன். போய்விட்டான்.

மே 12, திங்கள்

நாலு பேர் சிரிக்கக் கூடாது என்று நாலஞ்சு வருஷம் பந்தைத் தாழ்த்தியிருக்கிறான். நான் ஒரே நாளில் நாலு ஊரைச் சிரிக்க வைத்துவிட்டேன்.

பஸ் கழுவும் இடத்தில் அழுதேன். கழுவும் இடத்தில் அழுவது வசதி, யாரும் எதுவும் கேட்பதில்லை.

மே 15, வியாழன்

யோசித்துப் பார்த்தால் எல்லாம் முன்பே கண்ணில் பட்டதுதான். எந்தப் பந்தை நான் தவறவிட்டபோதும் அவன் என்னைத் திட்டியதில்லை. பிரபாவைத் திட்டுவான். நான் தட்டி அனுப்பிய பந்துக்கெல்லாம் முதலில் கை தட்டியதே அவன்தான். துரோகி என்று நினைத்தேனே. மனையை விற்கும்போது மட்டும்தான் இவன் பொய் சொல்வான் என்று இருந்துவிட்டேன்.

போன் செய்யவில்லை. அவனும் செய்யவில்லை.

மே 23, வெள்ளி

இன்று அவனே வாசலில் வந்து ஹாரன் அடித்தான். தமிழ்ச்செல்வி எட்டிப் பார்த்து, "தர்மண்ணே, உள்ள வாங்க, மூட்டுக்கு எண்ணெய் தேய்ச்சிகினு கீறாரு" என்றாள். எல்லாரும் சிரித்ததில் என்ன பேச வேண்டும் என்று நான் யோசித்து வைத்திருந்தது மறந்துவிட்டது.

"ஞாயித்துக்கெழம காலையில கடக்கரைக்கு வா" என்றான். "பந்த எடுத்துகினு வர்றேன்."

மே 25, ஞாயிறு

நானும் அவனும் மட்டும். மீன் ஏலம் முடிந்து மணலில் ஆளில்லை. "சொல்லு, எங்க வேணும்?" என்றான். கையை உயர்த்திக் காட்டினேன். "அதெல்லாம் சும்மா பேச்சு" என்று அதற்கும் மேலே போட்டான்.

அது அங்கே இருந்தது. நான் போன இடத்தில் பந்து இருந்தது. அடித்தேன். மணலில் குழி விழுந்தது. இரண்டு பேரும் சின்னப் பிள்ளைகள் மாதிரி கத்தினோம்.

மறுபடி, மறுபடி. பாதிக்கு மேல் தப்பியது. ஒவ்வொரு தப்புக்கும் என்னை வாய் நிறையத் திட்டினான். கேட்கச் சுகமாக இருந்தது.

இடது பக்கம் பிரபாவுக்குத்தான். நானே சொல்லிவிட்டேன், பையன் நன்றாக அடிக்கிறான். அவன் களைத்தால் நான் இறங்குவேன். "பந்து மட்டும் எறங்காது" என்றான் தர்மராஜ்.

திரும்பும்போது அவன் வண்டியிலிருந்து இறங்க இடுப்பைப் பிடித்துக்கொண்டான். "அந்த ஜிம்மு எங்க கீதுன்னு சொன்ன?"

ஜூன் 9, திங்கள்

தர்மராஜ் ஜிம்முக்கு வந்தான். மனை காட்டப் போகிற அதே வெள்ளைச் சட்டையில். ரெஜினா வெறும் கம்பியைக் கொடுத்தாள். முகம் சுருங்கிவிட்டது. அதையே தட்டுத் தடுமாறித்தான் தோளுக்குக் கொண்டுவந்தான். மூச்சு வாங்கியது. மாவு மில் ஆள் வேறு எட்டிப் பார்த்தான். தர்மராஜ் அவனைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், பிறகு தரையைப் பார்த்தான்.

நான் எழுந்து போய், மூலையில் இருந்த அந்தப் பெரிய தட்டுகளை எடுத்து வந்து இரண்டு பக்கமும் மாட்டினேன். லாரி ஸ்டெப்னி அளவு.

"இதயா? என்னால ஆவுமாடா?"

"தூக்கிப் பாரு."

கையால்தான் இழுத்தான், எல்லாம் தப்பு, ஆனால் தூக்கிவிட்டான். கீழே போட்டான், தரை அதிர்ந்தது. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரும்பினான்.

"எவ்ளோடா கீது இது?"

ரெஜினா என்னைப் பார்த்தாள். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பி மெடலைத் துடைக்க ஆரம்பித்தாள்.

"நெறைய கீது மச்சான்" என்றேன்.

போட்டோ எடுக்கச் சொன்னான். எடுத்தேன்.