எல்லாவற்றுக்கும் ஒரே கடவுச்சொல்

மார்ச் 4, செவ்வாய்

என்னிடம் பேச்சுப் பயிற்சிக்கு வரும் பஸ் டிரைவர் இன்று தாமாக ஒரு வாக்கியம் சொன்னார். "ஜன்னல்... சாத்து. குளிருது."

பக்கவாதம் வந்து ஐந்து மாதம். இதுவரை நான் சொன்னதைத் திருப்பிச் சொல்வார், அவ்வளவுதான். இன்று அவருக்குக் குளிர்ந்தது, சொன்னார். சாத்திய ஜன்னலை மறுபடி திறந்துவிட்டு அவர் மனைவியை உள்ளே கூப்பிட்டேன். இன்னொரு தடவை சொன்னார். அந்த அம்மா ஜன்னலைச் சாத்தாமல் அழுதுகொண்டே நின்றார். பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்து பதினாறு வருடத்தில் இப்படிப்பட்ட நாள் ஏழெட்டு இருக்கும்.

மாலையில் தம்பி போன் செய்தான். அலுவலகங்களில் கம்ப்யூட்டர் பழுது பார்ப்பவன். நான் எப்போதோ செருப்பு வாங்கிய இணையக் கடையின் விவரங்கள் எல்லாம் திருடு போய்விட்டதாம்.

"அங்க என்ன பாஸ்வேர்ட் போட்டிருந்த?"

"எல்லாத்துக்கும் போடறதுதான்."

"அக்கா, நீ படிச்சவதானே?"

மார்ச் 9, ஞாயிறு

தம்பி வந்தான். பாஸ்வேர்ட் மேனேஜர் ஒன்றைப் போனிலும் கம்ப்யூட்டரிலும் ஏற்றினான். ஒவ்வொரு கணக்குக்கும் வெவ்வேறு கடவுச்சொல்லை அதுவே உண்டாக்கி, அதுவே நினைவு வைத்துக்கொள்ளும். அதைத் திறக்கும் ஒன்றை மட்டும் நான் மறக்கக் கூடாது. சம்பந்தமில்லாத ஐந்து சொல்லைச் சேர்த்து வை என்றான். நோயாளிகளுக்குக் காட்டும் பட அட்டைகளைக் கலைத்து ஐந்தை உருவினேன். சிரித்தான்.

பேங்க், மின்கட்டணம் இரண்டையும் மாற்றினோம். அதற்குள் எனக்குக் கொட்டாவி.

"ஈமெயிலை மட்டும் இப்பவே மாத்திடுக்கா. அது கையில கிடைச்சா மத்த எல்லாத்தையும் திறந்துடலாம்."

"நாளைக்கு நானே மாத்திக்கறேன்டா. சின்னக் குழந்தையா நான்?"

மார்ச் 17, திங்கள்

ஈமெயில் இன்னும் மாற்றவில்லை. இந்த வாரம் கட்டாயம்.

மார்ச் 26, புதன்

யாரோ என் ஈமெயிலுக்குள் நுழைந்திருக்கிறார்கள். அதன் வழியாக எங்கள் பயிற்சி நிலையத்தின் இணையப் பக்கத்துக்குள்ளும். நான்தானே அதைப் பார்த்துக்கொள்கிறேன்! நோயாளிகளின் முன்னேற்றத்தை ஒப்பிட்டுப் பார்க்க நான் எடுத்து வைத்திருந்த வீடியோக்களில் நான்கை எடுத்து ஊரே பார்க்கும்படி போட்டுவிட்டார்கள். நிலையத்துக் கம்ப்யூட்டரில் மட்டும் இருக்க வேண்டியவை. வீட்டில் பார்க்க வசதி என்று என் கணக்கில் வைத்தது நான்.

மூன்றாவது, பஸ் டிரைவர். சீப்பைக் காட்டி "இது என்ன?" என்கிறேன். "டிக்கெட்" என்கிறார். மனைவி பெயரைக் கேட்கிறேன். வாய் திறக்கிறது, மூடுகிறது, திறக்கிறது. அழுகிறார். "பரவால்லைங்கய்யா" என்கிறது என் குரல். அதற்கு எவனோ சிரிக்கச் சிரிக்க ஒரு தலைப்பு வைத்திருக்கிறான். இங்கே எழுத மாட்டேன்.

நீக்க ஆறு மணி நேரம் ஆயிற்று. அதற்குள் டிப்போ ஆட்களின் குழுவுக்குப் போய்விட்டது. முப்பது வருடம் அவரோடு வேலை பார்த்தவர்கள்.

அஞ்சு நிமிஷ வேலை. அஞ்சே நிமிஷம். ஏன் செய்யல? ஏன்டி செய்யல?

மார்ச் 27, வியாழன்

நிலையத் தலைவர் நான்கு குடும்பங்களுக்கும் போன் செய்தார். "நம்ம சிஸ்டத்துல யாரோ புகுந்துட்டாங்க" என்றார். அப்படித்தான் அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார். பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். அதே வார்த்தைகள் நான்கு தடவை என் காதில் விழுந்தன. நான்கு தடவையும் வாயைத் திறக்கவில்லை.

வீட்டுக்கு வந்து தம்பியைப் போனில் வைத்துக்கொண்டு மீதிக் கணக்கு அத்தனையும் மாற்றினேன். ஐம்பத்தொன்பது. திட்டுவான் என்று பார்த்தேன். "அடுத்தது என்னக்கா?" என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தான். திட்டியிருக்கலாம்.

ஏப்ரல் 2, புதன்

பஸ் டிரைவரின் மனைவி போன் செய்தார்.

"ஒரு வாரமா வாயே திறக்கல மேடம். எல்லாம் சைகைதான். டிப்போவுல இருந்து ரெண்டு பேரு பாக்க வந்தாங்க, போர்வையை இழுத்து மூஞ்சியை மூடிக்கிட்டார். பயிற்சிக்கும் வரமாட்டாராம்." பிறகு, "எவனோ பண்ணதுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க? மனசைப் போட்டு உழப்பிக்காதீங்க."

எனக்கு ஆறுதல் சொல்கிறார். நானும் "சரிங்கம்மா" என்றேன்.

ஏப்ரல் 4, வெள்ளி

தலைவரிடம் சொல்லிவிட்டேன். எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார். கையெழுத்துப் போட்டேன். மனசு லேசான மாதிரி இருந்தது. அதுதான் உறுத்துகிறது.

ஏப்ரல் 12, சனி

பஸ் டிரைவர் வீட்டுக்குப் போனேன். மூன்றாவது மாடி, லிஃப்ட் இல்லை. அவர் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தார். சத்தமே இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.

நின்றுகொண்டே சொன்னேன். சிஸ்டம் இல்லைங்கய்யா, என் பாஸ்வேர்ட்தான். மாத்தச் சொன்னாங்க, சோம்பல், மாத்தல. அன்னிக்கே தெரிஞ்சும் சொல்லல.

அவர் ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் கூட்டினார். இன்னும் கூட்டினார். செய்தி வாசிப்பவள் கத்தத் தொடங்கியதும் நான் வெளியே வந்துவிட்டேன்.

அவர் மனைவி படி வரைக்கும் கூட வந்தார். "எவனோ ஒருத்தன்னு இருந்தா திட்டித் தீத்துட்டுப் போயிருப்போம். நீங்க சொல்லாமலே இருந்திருக்கலாம்."

சொன்னது அவருக்காகவா, எனக்காகவா? தெரியவில்லை. தெரியும். எழுத வரவில்லை.

மே 6, செவ்வாய்

அவர் மறுபடி பயிற்சிக்கு வருகிறார். என்னிடம் இல்லை. பக்கத்து அறையில் இருக்கும் புதுப் பெண்ணிடம். பேசத் தொடங்கவில்லையாம். அவருடைய ஃபைலை அவளிடம் கொடுத்தேன். "நீங்க எப்படி ஆரம்பிச்சீங்க அக்கா?" என்று கேட்டாள். பாட்டு பிடிக்கும், முணுமுணுத்தால் சேர்ந்துகொள்வார் என்றேன். வேறென்ன சொல்ல?

மே 23, வெள்ளி

நேற்றிலிருந்து ஒன்றிரண்டு சொல் வருகிறதாம். அவள் சொன்னாள். என் காதால் இன்னும் கேட்கவில்லை.

ஜூன் 19, வியாழன்

நடைவழியில் எதிரே வந்துவிட்டார். சுவரோரமாக ஒதுங்கினேன். அவர் மனைவி தலையசைத்துவிட்டு நடந்தார். அவர் நின்றுவிட்டார். மனைவி கையைப் பிடித்து இழுத்தும் நகரவில்லை.

சொல்லைத் தேடுகிறார் என்று தெரிந்தது. முதல் எழுத்தை எடுத்துக் கொடுக்க எனக்கு நாக்கு நுனி வரை வந்தது, பழக்கம். கொடுக்கவில்லை. காத்திருந்தேன்.

"எல்லாம்... மாத்தி... ஆச்சா?"

"ஆச்சுங்கய்யா."

தலையை ஆட்டினார். பக்கத்து அறைக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார்.