புரியாத பக்கத்தைப் படிக்கச் சொன்னவளுக்கு

இன்று காலை அச்சகத்திலிருந்து கருத்தரங்க அழைப்பிதழ்க் கட்டு வந்தது. பிரித்ததும் மை வாசனை. கடைசிப் பக்கம் முழுக்க நம் நவீன நாவல் ஆய்வு வட்டத்தில் சேர்ந்திருக்கும் கல்லூரிகளின் பெயர்கள். இடம் போதாமல் எழுத்தைப் பொடியாக்கியிருக்கிறார்கள். உன்னிடம் சொல்லத்தான் முதலில் போனைத் தேடினேன். நீ போய் ஏழு மாதம் ஆகிறது.

முதலியார்பேட்டையில் மாதா கோவிலுக்குப் பின்னால் இருந்த மறைக்கல்வி அறையில் ஐந்து பேராகத் தொடங்கினோம். ஞாயிறு பூசை முடிந்ததும் குழந்தைகளின் பெஞ்சுகளில் முழங்கால் இடிக்க உட்காருவோம். நாங்கள் நான்கு பேர் கல்லூரி ஆசிரியர்கள். நீ பள்ளியில் என்னோடு படித்தவள், சேதராப்பட்டுக் கம்பெனியில் மாத்திரை அட்டைகளைச் சரிபார்ப்பவள். கம்பெனி பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் படித்தே எங்கள் எல்லாரையும்விட அதிக நாவல்களை முடித்திருந்தாய்.

"புரிஞ்சத அப்பறம் பேசிக்கலாம். மொதல்ல ஆளுக்கொரு புரியாத பக்கத்தப் படிங்க" என்று சட்டம் போட்டவளும் நீதான். முனைவர் பட்டம் வாங்கியவர்களுக்கு அதைவிடத் தண்டனை உண்டா? முதல் வாரம் எனக்கு எல்லாமே புரிந்தது என்றேன். "அப்ப நீ இன்னும் படிக்கலடி" என்றாய். எல்லாரும் சிரித்தார்கள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. வீட்டுக்குப் போய் மறுபடி படித்தேன்.

அந்த வழக்கத்தைக் கேள்விப்பட்டுத்தான் விழுப்புரத்திலிருந்தும் கடலூரிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். பிறகு சென்னை, மதுரை, இணையவழிக் கூட்டங்கள், வெளிநாட்டுப் பேராசிரியர்கள்.

வளர்ந்ததும் விதிமுறை வேண்டும் என்றார்கள். எழுதியவள் நான். உறுப்பினர் கல்லூரி ஆசிரியராகவோ பதிவுபெற்ற ஆய்வாளராகவோ இருக்க வேண்டும். எழுதும்போது உன் நினைவு வந்தது. பொய் சொல்ல மாட்டேன், வந்தது. உனக்கு மட்டும் விலக்கு கேட்டால் என்னைப் பற்றி என்ன நினைப்பார்களோ என்று வாயை மூடிக்கொண்டேன். புதுப் பட்டியலைப் பார்த்துவிட்டு நீ கேட்டாய்.

"எம் பேரக் காணோமே?"

"ரூல்ஸ் அப்படி ஆயிடுச்சு. அடுத்த வருஷம் பேசிப் பாக்கறேன்."

"சரிடி. பஸ் வந்துடும், போறேன்."

நீ சண்டையாவது போட்டிருக்கலாம். நான் யாரிடமும் பேசிப் பார்க்கவில்லை. நேரம் போதவில்லை என்று, புரியாத பக்கம் படிப்பதையும் அதே ஆண்டு நிறுத்திவிட்டோம்.

அதன்பின் இணையக் கூட்டங்களில், பார்வையாளர்களாக வரும் மாணவர்களுக்கு நடுவே உன் மகளின் பெயர் தெரியும். எம்.ஏ. படிக்கிறவள், ஆர்வமாக வருகிறாள் என்று எனக்கு ஒரு நிம்மதி. அம்மாவுக்குச் செய்யாததை மகளுக்காவது செய்கிறோம் என்ற நினைப்பு.

உன் முப்பதாம் நாள் பூசை முடிந்து கோவில் வாசலில் அவளிடம் அதைச் சொன்னேன். அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

"நான் ஒரு நாள்கூட வரல ஆன்ட்டி. அம்மாதான் எம் பேர்ல வருவாங்க. லீவு போட்டுட்டுகூட வந்துருக்காங்க. ஒரு வாட்டி கையத் தூக்குனாங்களாம். நீங்க பாக்கலன்னு சொன்னாங்க."

நான் பார்த்தேன். அதை மட்டும் அவளிடம் சொல்ல வாய் வரவில்லை. வீட்டுக்கு வந்ததும் அந்தக் கூட்டத்தின் பதிவைத் தேடி எடுத்தேன். உன் மகளின் பெயருக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு மஞ்சள் கை. "மாணவர்கள் கேள்விகளை மின்னஞ்சலில் அனுப்பலாம்" என்கிறது என் குரல். அதற்குப் பிறகும் நீ கையை இறக்கவில்லை. நான் நன்றியுரை சொல்லி முடிக்கும்வரை அது அப்படியே இருக்கிறது.

மின்னஞ்சல் எதுவும் வந்திருக்கவில்லை. அன்று பேசிய நாவலை அதற்குப் பின் மூன்று முறை படித்துவிட்டேன். நீ எதைக் கேட்க வந்தாய் என்று ஒவ்வொரு பக்கத்திலும் தேடுகிறேன். தெரியவில்லையடி.