கேடயக்காரனின் இடம்

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு, கடவுள் அருளால் இங்கே உடம்புக்கு எல்லோரும் சுகம். மனசுக்குத்தான் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மாலை நாலு மணிக்கு டிவி முன்னால் விளையாட உட்கார்ந்தவர்கள்: வில்லோடு நம் மகள், மந்திரக்கோலோடு உங்கள் தம்பி, காயம் ஆற்றுகிறவளாக நான். நாலாவது உங்கள் கேடயக்காரன். அவனை ஆட்டிவைக்க நீங்கள் வரவில்லை. இதோடு ஏழு ஞாயிறு.

தூரத்தில் இருந்தாலும் வாரத்துக்கு இரண்டு மணி நேரம் இணையத்தில் சேர்ந்திருக்கலாம் என்று இந்த வீடியோ விளையாட்டைப் பழக்கிவிட்டவரே நீங்கள்தான். முன்னால் நின்று அடிவாங்க ஒருவன், எட்ட நின்று அடிக்க ஒருத்தி, மந்திரத்துக்கு ஒருவன், காயம் ஆற்ற ஒருத்தி, இப்படி அமைந்தால்தான் கூட்டம் தேறும் என்றீர்கள். இங்கே நடப்பதைக் கேளுங்கள். உங்கள் தம்பிக்கு மந்திரம் போடப் பொறுமை இல்லை. கோலை ஓங்கிக்கொண்டு பூதத்தைத் துணி துவைப்பதுபோல் துவைக்கப் போகிறார். மகள் முதல் அறையிலேயே எல்லா அம்பையும் விட்டுத் தீர்த்துவிட்டு, என்னிடம் அம்பு இருக்கிறதா என்று கேட்கிறாள். மருந்துப் பை சுமக்கிறவளிடம் அம்பு எப்படி இருக்கும்?

நானும் ஒழுங்கில்லை. விளையாட்டில் நான் ஆட்டிவைக்கும் அந்தப் பெண் ஏதோ பெயர் தெரியாத தெய்வத்தை வேண்டித்தான் காயத்தை ஆற்றுகிறாள். எனக்கு அது ஒப்பவில்லை. பொத்தானை அழுத்தும்போது நம் சாமியை நினைத்துக்கொள்கிறேன். ஒரு சண்டைக்குப் பத்துத் தடவைதான் ஆற்றலாம். நோட்டில் குறித்துப் பார்த்தேன், பத்தில் எட்டு உங்கள் கேடயக்காரனுக்கே போயிருக்கிறது. மரம்போல் நின்று அடிபடுகிறான், பார்த்துக்கொண்டு எப்படி இருப்பது? மூன்றாவது முறை எல்லோரும் செத்ததும் உங்கள் தம்பி பொறுமையிழந்து, "அண்ணி, சும்மா நிக்கிற அண்ணனுக்கே மருந்து ஊத்திக்கிட்டு இருந்தா நாங்க எப்படிப் பிழைக்கிறது? அவரைச் சத்திரத்துல விட்டுட்டு வேற ஆளைச் சேர்ப்போம்" என்றார்.

விளையாட்டில் அப்படி ஒரு சத்திரம் உண்டு. வேண்டாதவரை அங்கே விட்டுவிட்டு, சும்மா இருக்கும் வேறொரு வீரனைக் கூட்டி வரலாம். மகள், "அப்பாவை எடுத்தா நானும் ஆடல" என்று எழுந்துவிட்டாள். உங்கள் தம்பி சத்திரத்தை மூடிவிட்டு ஆட்டத்தை முதலிலிருந்து தொடங்கினார்.

வேலை நேரம் மாறிவிட்டது என்றீர்கள். உங்களோடு தங்கியிருக்கும் அறைக்காரரோ ஞாயிறு உங்களுக்கு விடுமுறைதான் என்று உங்கள் தம்பியிடம் சொல்லியிருக்கிறார். வீடியோவில் பேசும்போது ஒன்றரை மாதமாக உங்கள் வலது கை திரைக்குள் வரவே இல்லை. வெல்டிங் வேலைக்காரரின் மனைவி இதைக்கூடக் கவனிக்கமாட்டாளா? எனக்குக் கோபம் கையைப் பற்றி இல்லை, மறைத்ததைப் பற்றி.

மகளும் பார்த்துவிட்டாள். உங்கள் கேடயக்காரனின் பொத்தான்களில் கேடயத்தைத் தூக்குவது, காலூன்றி நிற்பது இரண்டையும் இடது கட்டைவிரலாலேயே அழுத்தும்படி மாற்றி வைத்திருக்கிறாள். நீங்கள் யாரையும் அடிக்க வேண்டாம். பூதத்துக்கும் எங்களுக்கும் நடுவில் நின்றால் போதும்.

கடவுள் உங்களுக்குத் துணை இருப்பார். கைக்கு என்ன ஆயிற்று என்று உள்ளபடி சொல்லுங்கள். எழுத முடியாவிட்டால் அறைக்காரரை எழுதச் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் வேண்டும்.

உங்கள் மனைவி