உருண்டையா, திருகாணியா

அன்பு மகன் பொன்னுவேலுக்கு, சேலம் ஆஸ்பத்திரியிலிருந்து அம்மா சொல்லச் சொல்ல அமலி நர்ஸ் எழுதுவது. சேர்வராயன் சாமி புண்ணியத்தில் நான் சுகம். பட்டாளத்தில் அந்தப் பனியில் நீயும் சுகமாய் இருக்க வேண்டும். அப்பா உயிருக்குப் பயமில்லை, முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், பதறாதே கண்ணு.

மிளகு பறிக்கச் சில்வர் ஓக் மரத்தில் ஏறியவருக்கு ஏணி சரிந்து விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று அழுதேன், கேட்கவில்லை. செம்மநத்தத்தில் எந்த ஆட்டுக்குக் கால் ஒடிந்தாலும் கட்டுகிறவர் அவர்தானே, அதே மூங்கில் பத்தையும் முட்டை வெள்ளையும் வைத்துத் தன் இடுப்பையும் கட்டச் சொன்னார். ஒரு மாதம் போயும் எலும்பு சேரவில்லை, கால்தான் குட்டையானது, பிறகுதான் ஜீப்பில் இறக்கினோம். டாக்டர் இரண்டு சாமானைக் காட்டினார். திருகாணி போட்டால் சொந்த எலும்பு மிஞ்சும், ஒட்டினால் பழையபடி குந்தலாம், ஆனால் மூன்று மாதம் கால் ஊன்றாமல் கிடக்க வேண்டும், ஒட்டாமலும் போகலாம். எலும்பின் தலையை எடுத்துவிட்டு இரும்பு உருண்டை வைத்தால் சீக்கிரம் நடக்கலாம், குந்துவதும் சம்மணம் போடுவதும் மரமேறுவதும் ஆயுசுக்கும் இல்லை. நமக்கு ஆணியே போதுமுங்க என்று அப்பா உருண்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். உள்ளே பார்த்துத்தான் முடிவு சொல்ல முடியும் என்றார் டாக்டர்.

ஆபரேஷன் நடுவில் அமலியை என்னிடம் அனுப்பினார்கள். எலும்பின் தலைக்கு ரத்த ஓட்டமே இல்லையாம், ஆணி நிற்காதாம். நடந்தால் போதுமுங்க, உருண்டையே வையுங்க என்றேன்.

கண் விழித்ததும் ஆணி நல்லா எறங்குச்சா என்று அவர் கேட்டார். ஆமாம் என்றுவிட்டேன். இன்று காலை டாக்டர் வந்து குந்தவே கூடாது என்று சொல்ல, குட்டு உடைந்தது. ஆரக் கேட்டு வெச்சீங்க என்று என்னை முறைத்தார். பயத்தில், உருண்டையே வெக்கச் சொல்லிப் பொன்னுவேலு தந்தி அடிச்சானுங்க என்றேன். உன்னை நொம்பத் திட்டினார் சாமி. வெளிக்குப் போகக்கூட நாற்காலியா என்று அழுதார். நம்மூர் அங்கப்பன் ஆசாரியிடம் நடுவில் ஓட்டை வைத்து ஒரு நாற்காலி செய்யச் சொல்லி அனுப்பியிருக்கிறேன், அதை இன்னும் அவரிடம் சொல்லவில்லை.

கால் உறையைக் கழற்றாதே, நேரத்துக்குச் சாப்பிடு. எங்கள் ஆயுசும் சேர்த்து நீ நன்றாயிரு. அப்பா கேட்டு எழுதினால் நீயே தந்தி அடித்ததாக எழுதிவிடு. நீ தூரத்தில் இருக்கிறாய், அவர் கோபம் உன்னை ஒன்றும் செய்யாது. என்னோடு அவர் பேசாமல் போனால் அந்த மலையில் நான் யாரோடு பேசுவேன்?

இப்படிக்கு,
உன் அம்மா ஆராயி