நோட்டுக்கு முடிவெட்டிய கதை

மார்ச் 4, செவ்வாய்

குளியலறையில் வழுக்கி உடைத்துக்கொண்ட வலது மணிக்கட்டு கூடிவிட்டதாம். விரல்கள்தான் இன்னும் என் பேச்சைக் கேட்பதில்லை. இந்த வீட்டில் வேறு யார் கேட்கிறார்கள், விரல் கேட்க?

பயிற்சி கொடுக்கும் டாக்டரம்மா, "நுணுக்கமான வேலை ஏதாவது செய்யுங்க. வீட்லயே நோட்டு தைச்சுப் பாருங்களேன்" என்றார். இத்தனை வருஷம் கத்தரி பிடித்த சலூன்காரனுக்குத் தாளும் ஊசியும். நல்ல பதவி உயர்வு.

மார்ச் 6

தாள்களை மடித்து, அடுக்கி, மடிப்பில் துளை போட்டு, நூலால் தைக்க வேண்டும். போனில் பார்த்த வீடியோவில் ஒரு பெண் பேசிக்கொண்டே தைத்து முடித்துவிட்டாள். நான் ஊசியில் நூல் கோர்ப்பதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. "நான் கோத்துத் தரட்டுமா?" என்றாள் மனைவி. வேண்டாம் என்றேன். வறட்டுக் கௌரவத்துக்கு மட்டும் எலும்பு முறிவதே இல்லை.

மார்ச் 9, ஞாயிறு

கடையைப் பார்த்துக்கொள்ளும் மைத்துனன் சாப்பிட வந்தான். முடி காதை மூடிக் கிடக்கிறது. முடிவெட்டுகிறவன் தலையே இப்படி இருந்தால் எவன் உள்ளே வருவான்? கேட்டேன். "நேரமே இல்ல மாமா" என்றான். அவ்வளவு கூட்டமாம். நான் இல்லாமலே. கேட்கவே எவ்வளவு ஆனந்தம்.

மார்ச் 13

முதல் நோட்டைத் தைத்துவிட்டேன். ஓரம் மட்டும் சமமாக இல்லை. அளவுகோல் வைத்துக் கத்தியால் வெட்டச் சொல்கிறது வீடியோ. எனக்கே பாடமா? கத்தரியை எடுத்தேன். வலது பக்கம் கொஞ்சம் கூடுதல், எடுத்தேன். பிறகு இடது. பிறகு மறுபடி வலது. நிமிர்ந்தபோது கையில் தீப்பெட்டி அளவில் ஒரு நோட்டு.

"மொட்டையே அடிச்சிருக்கலாம்" என்றாள் மனைவி.

சிரித்தேன். அப்புறம் தனியாக உட்கார்ந்து யோசித்தேன் — இந்தக் கையை ஒருத்தர் காதுப் பக்கம் கொண்டுபோக முடியுமா? பயமா இருக்கு. வேற என்ன தொழில் தெரியும் எனக்கு?

மார்ச் 14

எழுத ஒன்றுமில்லை.

மார்ச் 22

நான்காவது நோட்டு. அட்டை ஒட்டட்டும் என்று மேலே இஸ்திரிப் பெட்டியை வைத்தேன். பசை பிதுங்கி, இரண்டும் இணைபிரியாத தோழர்களாகிவிட்டன. ஆனால் இன்று நூல் முதல் தடவையிலேயே ஊசிக்குள் போனது. யாரிடமும் சொல்லவில்லை. மனைவி பார்த்துவிட்டாள்.

மார்ச் 30, ஞாயிறு

மைத்துனன் வந்தான். முடி சட்டைக் காலரைத் தொட்டுவிட்டது. நாற்காலியை ஜன்னலோரம் இழுத்துப் போட்டு, கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்தான்.

"வெட்டுங்க மாமா."

"ஏன், ஊர்ல வேற சலூனே இல்லையா?"

"உங்க கை சரியானதும் முதல் தலை என்னுதா இருக்கட்டும்னுதான் வளத்தேன். காது போனாலும் சொந்தக்காரன் காது."

இவனையா இத்தனை நாள் திட்டினேன்? கத்தரியை எடுத்தேன். "பேசாதே, தலை ஆடுது" என்றேன். ஆடியது என் கைதான். கத்தரிச் சத்தம் கேட்கக் கேட்க அதற்கே பழைய ஞாபகம் வந்துவிட்டது.

முடித்துப் பார்த்தால் இடது பக்கம் ஒரு நூல் அளவு கூடுதல். கத்தரி அந்தப் பக்கம் போனது. மேசைமேல் தீப்பெட்டி நோட்டு கிடந்தது. கத்தரியைக் கீழே வைத்துவிட்டேன்.

மிச்சத்தை நாளைக் காலையில் கடையில் எடுத்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறேன்.