பச்சைப் பலகையில் சிவப்பு எழுத்து

மதினி,

பக்கத்து வீட்டுக் கேட்டுக்கு இன்று பச்சைப் பெயின்ட் அடிக்கிறார்கள். அந்த வாடை மூக்கில் ஏறியதுமே கோபம் வந்துவிட்டது. சன்னலைச் சாத்திவிட்டு உங்களுக்கு எழுத உட்கார்ந்தேன்.

அண்ணனுக்கு வாக்கப்பட்டு அக்கரப்பத்தனைத் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டுக்கு வந்த புதிதில், எழுத்து எங்கே கண்ணில் பட்டாலும் வாய்விட்டுப் படிப்பீர்கள். சோப்பு உறை, பஸ் போர்டு, தலவாக்கலை ஸ்டேஷனில் தொங்கும் பலகை, எதையும் விட்டதில்லை. "நாலு பேரு பாக்கணும்னுதானே எழுதியிருக்கான், பாத்துட்டுப் போவோமே" என்பீர்கள்.

அந்த ஆடி மழையில் ஓடைப் பாலத்தின் பலகைகள் உளுத்துப்போயின. மலையில் எங்களை வேலை வாங்கும் கண்டாக்கு, எச்சரிக்கை போர்டு ஒன்று வைக்கச் சொன்னார். ஃபாக்டரியில் மிஞ்சிய பச்சைப் பெயின்டைப் பூசி, அதன்மேல் கருஞ்சிவப்பில் "பாலம் பழுது, போகாதே" என்று எழுத வைத்தார். "எழுத்து தெரியலீங்களே ஐயா, வெள்ளைல எழுதட்டுங்களா?" என்று பெயின்ட் அடித்தவர் கேட்டதற்கு, "தொரை பங்களா கேட்டு மாதிரி அழகா இருக்குடா. படிக்கிறதுக்கு இங்க யாரு இருக்கா?" என்றாராம்.

மறுநாள் அந்தியில், மூடுபனியில், கொழுந்துக் கூடையோடு நீங்கள் முன்னால் போனீர்கள். போர்டை உரசிக்கொண்டுதான் போனீர்கள். பின்னால் வந்த எனக்கும் அது தேயிலைச் செடியோடு செடியாகத்தான் தெரிந்தது. பாலத்துப் பலகை முறிந்த சத்தம் மட்டும் கேட்டது. விடிந்த பிறகுதான் கீழே பாறை இடுக்கிலிருந்து உங்களை எடுத்தோம்.

விசாரணையில் கண்டாக்கு சொன்னார்: "போர்டு போட்டிருந்தோம். அந்தப் பொம்பளைக்குப் படிக்கத் தெரியாது."

"படிப்பாங்கய்யா! எல்லாத்தையும் படிப்பாங்க!" என்று கத்தினேன். என்னை வெளியே தள்ளினார்கள். உயிரை எடுத்தது போதாதென்று உங்கள் படிப்பையும் பிடுங்கிக்கொண்டார்.

காரியம் முடிந்த வாரம், கண்டாக்கு மோட்டார் சைக்கிளில் வரும் பாதையை மழை அறுத்திருந்தது. அந்தப் போர்டைப் பிடுங்கிவந்து பள்ளத்துக்கு முன்னால் ஓரமாக நட்டேன். பனி இறங்கும் வேளை. வண்டிச் சத்தம் கேட்டும் வாய் திறக்காமல் நின்றேன். போர்டைத் தாண்டி நேராகப் பள்ளத்தில் விழுந்தார்.

"ஐயோ, காலு போச்சே!" என்று அலறினார். கிட்டே போய்க் குனிந்து கேட்டேன்: "போர்டு போட்டிருந்தோமேய்யா. உங்களுக்குப் படிக்கத் தெரியாதுங்களா?"

என்னை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். பாலத்துக்கு முன்னால் உடனே வெள்ளைப் பலகையும் கறுப்பு எழுத்துமாகப் புது போர்டு வந்தது. நான் ஹட்டனுக்கு வந்துவிட்டேன். கண்டாக்கு நொண்டிக்கொண்டுதான் நடக்கிறார் என்று யாராவது வந்து சொன்னால், அன்றைக்குச் சோறு ருசிக்கும்.

போன மாதம் ஆள் விட்டிருந்தார். "வயசாயிருச்சு, மனசுல வச்சுக்க வேணாம்னு சொல்லச் சொன்னாருங்க."

"காலைல ஆளுங்க கூடுற பெரட்டுக் களத்துல நின்னு, எல்லாரும் கேக்க, எங்க மதினி நல்லாப் படிப்பாங்கன்னு ஒருதரம் சொல்லச் சொல்லுங்க. அப்புறம் பாக்கலாம்" என்று அனுப்பிவிட்டேன்.

இன்னும் சொல்லவில்லை, மதினி. சொல்லும்வரை இந்தக் கோபம் என்னிடமே இருக்கட்டும்.