ஆறு பேரின் அளவு

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். உன் முழங்கால் வலி தேவலையா?

எம்பிராய்டரி கம்பெனியில் ஆர்டர்களைச் சரிபார்ப்பதுதான் என் வேலை. அளவு, நூல் நிறம், படம் வரும் இடம் எல்லாம் தாளில் நிரம்பினால்தான் மெஷின் ஓடும். மேசையில் கிடக்கும் வெற்றுச் சட்டைகளுக்குள் முகம் தெரியாத ஆட்கள் ஒவ்வொருவராக வந்து நுழைவதுபோல் எனக்குத் தோன்றும்.

போன வாரம் ஓர் ஆபீஸிலிருந்து, அங்கே வேலை செய்யும் எல்லாருக்கும் சட்டை கேட்டு ஆர்டர் வந்தது. துப்புரவுப் பெண்கள் ஆறு பேருக்கு மட்டும் அளவு இல்லை. போன் செய்தேன்.

"பெருசா போட்டுடும்மா. குடுக்கிறதப் போட்டுக்குவாங்க," என்றார் அந்த ஆபீஸ் மேனேஜர்.

எனக்குச் சுர்ரென்றது. "அளவு வராம மெஷின் ஓடாது சார். உங்க சட்டையும் சேர்ந்துதான் நிக்கும்."

மறுநாள் அந்தப் பெண்களில் ஒருவரே கூப்பிட்டு ஆறு அளவையும் சொன்னார். "எனக்குத் தோள் சின்னதும்மா. இதுவரைக்கும் யாரும் கேட்டதேயில்ல."

பயப்படாதே, வேலை போகவில்லை. மேனேஜரிடம் அப்படிப் பேசியதற்கு எங்கள் சூப்பர்வைசர் முறைத்ததோடு சரி.

அந்தச் சின்னத் தோள் அன்று முழுக்கக் கண்ணுக்குள் மிதந்தது. நீயும் யாரோ கொடுத்ததைப் பிடித்துத் தைத்துத்தானே போட்டுக்கொள்கிறாய். உன் தோள் அளவு எனக்கும் தெரியாது அம்மா. ஒரு நூலால் அளந்து, அந்த நூலையே உறைக்குள் வைத்து அனுப்பு.

மணி அடித்துவிட்டது, ஓடுகிறேன்.

உன் மகள்